ஆவுளியாவுக்குக் குரல் கொடுத்த ஆட்டுக்குட்டி

செத்துப்போன குட்டியின் குரலை ஒரு தாய் ஆடு எத்தனை மாதம் நினைவில் வைத்திருக்கும்?

எனக்குத் தெரியாது. இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன், தெரியாது. தெரிந்தவர்கள் என்று நான் நம்பிய நால்வருக்கு எழுதிக் கேட்டேன். நால்வரும் நான்கு விதமாகத் தெரியாது என்றார்கள். இந்த மேடையை விட்டு இறங்கும்போதும் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை.

தெரியாது என்று தொடங்குகிறவளுக்கும் மைக்கை நீட்டியிருக்கும் விழாத் தலைவர், நம் திருநகர் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், பெரியவர் ஹாலாஸ்யம் அவர்களே! கப்பலூர்த் தொழிற்பேட்டையில், இந்தப் பக்கம் பிளாஸ்டிக் குடம் செய்யும் கொட்டகை, அந்தப் பக்கம் ஆணி செய்யும் கொட்டகை, இரண்டுக்கும் நடுவே ஒரு கொட்டகையில் உட்கார்ந்து கடல் செய்த இயக்குநர் விக்ரம் அவர்களே! அந்தக் கடலுக்கு ஒலி கொடுத்த பாண்டிமீனா அவர்களே! பேரையூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து, முன்வரிசையில் உட்காரச் சொன்னால் மறுத்து, மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆட்டுக் கிடைக்காரர் தங்கப்பொண்ணு அவர்களே, அவர் கணவர் வீரணன் அவர்களே! ஆன்றோர்களே, அண்டை வீட்டார்களே! பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைப்பதில் என் பேச்சில் பாதியைத் தவறவிடப் போகிற தாய்மார்களே! அந்த வேலையைத் தாய்மார்களிடம் ஒப்படைத்துவிட்டு வாசலில் நின்று கேட்கிற தந்தைமார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

‘நுங்குக்குட்டி’ என்ற அனிமேஷன் படத்துக்கு இன்று ஐம்பதாவது நாள். படம் பார்க்காதவர்கள் இங்கே உண்டா? வாசலில் இரண்டு கை தெரிகிறது. தயங்க வேண்டாம் அண்ணே, உங்கள் இருவருக்காகவும் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆவுளியா என்றால் கடற்பசு. நம் மன்னார் வளைகுடாவில் வாழ்வது. மீன்போல நீந்தும், ஆனால் மீன் அல்ல. நம்மைப்போலக் காற்றை மூச்சாக இழுக்கும். அதற்காகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூக்கை நீட்டிவிட்டுப் போகும். நம்மைப்போலப் பிள்ளை பெறும். நம்மைப்போலப் பால் கொடுக்கும். முந்நூறு, நானூறு கிலோ எடை கொண்ட அந்த உடம்பு எதைத் தின்று வளர்கிறது? மீனையா? நண்டையா? இல்லை. புல்லை. கடலுக்கு அடியில் புல் முளைக்கிறது. அந்தப் புல்லை மேய ஒரு பசு இருக்கிறது. அந்தப் பசுவுக்கு ஒரே ஒரு கன்று. அந்தக் கன்று ஒன்றரை ஆண்டுக்குத் தாயின் விலாவை விட்டு விலகுவதில்லை! இதை நான் எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வாக்கியத்தின் நடுவில் எனக்கே ஒரு கணம் நம்ப முடியாமல் போகிறது.

அப்படி ஒரு கன்றுதான் படத்தின் நாயகன். உருண்டையாக, வழுவழுப்பாக இருப்பதால் நுங்கு என்று பெயர். ஒரு பெரிய விசைப்படகு வந்து கடலடியைக் கலக்கிவிடுகிறது. கலங்கிய நீரில் நுங்கு தாயைத் தொலைத்துவிடுகிறது. அப்போது அது மூன்று முறை கூப்பிடுகிறது. மூன்றே முறை. பின்னணி இசை இல்லை. எங்கோ இருட்டில் தாய் திரும்புகிறது.

அந்த மூன்று கூப்பாட்டைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

மதுரைக்கு ஆறு உண்டு, மலை உண்டு, மல்லிகை உண்டு. கடல் உண்டா? கப்பலூர் என்று பெயர் வைத்த ஊரில் கப்பல் உண்டா? அந்தக் கொட்டகையில் வேலை செய்த ஆறு பேரில் ஐந்து பேர் கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்தில், ஈரத் துணியோடு, தீர்த்தமாடி முடித்து அவசரமாக வெளியேறும்போது. ஆறாவது ஆள் பாண்டிமீனா. அவர் அதையும் பார்க்கவில்லை.

இந்த ஆறு பேர் செய்த படத்தில் அறிவியல் பிழை இருக்கிறதா என்று பார்க்க என்னை அழைத்தார்கள். பிழை இருக்கிறதா? நாற்பத்தொன்று இருந்தன. எண் போட்டு அனுப்பினேன். ஏழாவது பிழை: ஆவுளியா காதை ஆட்டி ஈ ஓட்டுகிறது. கடலுக்கடியில் ஈ எங்கிருந்து வந்தது? காது மடல்தான் எங்கிருந்து வந்தது? ஆவுளியாவுக்கு அது கிடையாதே! பன்னிரண்டாவது பிழை: கன்று தாயின் வால் பக்கம் போய், முட்டி முட்டிப் பால் குடிக்கிறது. ஆவுளியாவுக்கு மடி அங்கே இல்லை. முன் துடுப்பின் அக்குளில் இருக்கிறது. பதினேழாவது பிழை: மேயும் மந்தைக்குப் பின்னால் கடலடியில் புழுதி கிளம்புகிறது.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். விக்ரமிடம் கேட்டேன், “இது ஆவுளியா மந்தையா, பொழுது சாய வீடு திரும்புகிற ஆட்டு மந்தையா?”

“எங்களுக்குத் தெரிஞ்ச மந்தை அம்புட்டுதான் மேடம்” என்றார் அவர். கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, கடலுக்கடியில் எடுத்த ஒரு படப்பதிவைப் பார்த்தேன். ஆவுளியா ஒன்று புல்லை வேரோடு பறித்துத் தின்றுகொண்டே போகிறது. அதன் பின்னால், அந்தக் கடலடியில், மணல் மேகமாகக் கிளம்புகிறது. புழுதி! பேரையூர்ச் சாலையில் கிளம்புகிற அதே புழுதி! பதினேழாவது பிழையை என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது.

இனி, பட்டியலின் முதல் பிழை. நான் எழுதியது இது: “குட்டியின் குரல் ஆவுளியாவினுடையது அல்ல, ஆட்டுக்குட்டியினுடையது. ஆவுளியா பறவைபோலக் கீச்சிடும். நீக்குக.”

அந்த ஆட்டுக்குட்டிக் குரல் எங்கிருந்து வந்தது? தங்கப்பொண்ணு அவர்களின் கிடையிலிருந்து வந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அறுவடை முடிந்த காட்டில் ஆட்டு மந்தையை இரவு தங்க வைப்பதுதான் கிடை, நிலத்துக்கு உரம். பகலில் பெரிய ஆடுகள் மேய்ச்சலுக்குப் போய்விடும். நடக்க முடியாத சின்னக் குட்டிகளைக் கொடாப்பு என்கிற பெரிய மூங்கில் கூடைக்குள் கவிழ்த்து வைத்திருப்பார்கள். சாயங்காலம் ஆடுகள் திரும்பும். கொடாப்பைத் தூக்குவார்கள். இருநூறு ஆடுகள் கத்தும். அறுபது எழுபது குட்டிகள் கத்தும். காதைப் பிய்க்கும் அந்தக் கூச்சலுக்குள், பெயர் இல்லாமல், எண் இல்லாமல், கட்டளையிட ஆள் இல்லாமல், ஐந்தே நிமிடத்தில் ஒவ்வொரு குட்டியும் தன் தாயின் மடியில் இருக்கும். ஒன்றுகூட மாறாது. நான் அதை முதன்முறை பார்த்தபோது எனக்கு வயது நாற்பத்தேழு. பட்டம் வாங்கி இருபத்தைந்து ஆண்டு கழித்து!

பாண்டிமீனாவின் ஊரும் அந்தப் பக்கம்தான். தை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் மைக்கோடு போய்க் கொடாப்பு அருகே உட்கார்ந்திருக்கிறார். தங்கப்பொண்ணு அவருக்கு அத்தை முறை.

“எதுக்கு மீனா, குட்டி வாயில மைக்க நீட்டுற?”

“கடல்ல இருக்குற குட்டிக்குக் குரல் வேணும் அத்தே.”

“கடல்ல ஆடு மேய்க்கிறவன் எவன்டி?”

அன்று மந்தை திரும்பக் கொஞ்சம் தாமதம். கொடாப்புக்குள் புள்ளிக்காரி என்ற ஆட்டின் குட்டி, பிறந்து பதினைந்து நாள் ஆனது, பசி பொறுக்காமல் கத்தத் தொடங்கியது. மூன்று முறை. பிறகு ஆடுகள் வந்துவிட்டன. பாண்டிமீனாவுக்குக் கிடைத்தது அந்த மூன்றும்தான். அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் பெருமழை பெய்தது. குட்டிக்குச் சளி கட்டிச் செத்துப்போனது.

நான் நீக்கச் சொன்னது அந்தக் குரலைத்தான். சரியான ஆவுளியாக் குரலை நானே தேடிப் பிடித்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துக் கொட்டகைக்குப் போனேன்.

“மேடம், மிச்சம் எல்லாத்தையும் மாத்திட்டோம். இது ஒண்ண மட்டும் விட்ருங்களேன்” என்றார் பாண்டிமீனா.

“ஏன்?”

“நீங்க அனுப்புன சத்தத்த வச்சுப் பாத்தேன். அத வச்சா அம்மா திரும்ப மாட்டேங்குது.”

“எந்த அம்மா?”

“படத்துல இருக்குற அம்மாதான் மேடம்.”

“அம்மாவை வரைந்தவர்களே நீங்கள்தானே? திரும்புகிற மாதிரி வரைந்தால் திரும்பாதா?”

“திரும்புது. ஆனா அது கேட்டுத் திரும்புன மாதிரி இல்ல மேடம். நாங்க புடிச்சுத் திருப்புன மாதிரி இருக்கு.”

விலங்கியலில் இதற்கு இடம் இல்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: “குரல் தவறு. தவறு இருக்கும்வரை என் கையெழுத்து இல்லை.”

என் கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பள்ளிகளில் திரையிட வேண்டுமானால் அறிவியல் ஆலோசகரின் கடிதம் வேண்டும். கடிதம் இல்லையென்றால் ஆறு பேரின் நான்கு ஆண்டு உழைப்பு அந்தக் கொட்டகையைத் தாண்டாது. கடிதம் வேண்டுமென்றால் குரல் போக வேண்டும். படத்தில் நூற்றுக்கணக்கான ஒலிகள் உண்டு. கணினியில் கிடைத்தவை, வாங்கிச் சேர்த்தவை. “என்னோடதுன்னு இதுல இருக்குறது அந்த மூணு கூப்பாடுதான் மேடம்” என்றார் பாண்டிமீனா. நான் அசையவில்லை. அவரும் அசையவில்லை. மாசி போனது, பங்குனி போனது, சித்திரை போனது, வைகாசியும் போனது.

ஆனி மாதத்தில் ஊரிலிருந்து ஆள் வந்தது. வந்தவர் வீரணன்.

“மாப்ள, எங்க குட்டி நடிச்ச படத்த எங்களுக்குக் காட்டாம பட்டணத்துக்குக் காட்டப் போறீகளாக்கும்?” என்று விக்ரமைப் பிடித்துக்கொண்டார்.

முடியாத படத்தை முடிந்த மட்டும் காட்டுவது என்று முடிவாயிற்று. நானும் போனேன். எதற்காகப் போனேன்? ஒளிக்காமல் சொல்கிறேன்: ஆட்டுக் குரலை ஆட்டுக்காரர்கள் முன்னால் போட்டால் ஊரே சிரிக்கும், என் வேலை சுலபமாகும் என்று நினைத்துப் போனேன்.

சாயங்காலம் ஏழு மணி. அறுவடை முடிந்த காட்டில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். முந்நூறு பேர் தரையில். கல்லெறி தூரத்தில் வலை கட்டிய பட்டிக்குள் ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. படம் ஓடியது. கரிசல் காட்டின் நடுவே நீலம் பொங்கியது. கடலையே காணாத கண்களில் கடல் நிறைந்தது. “ஏ, அந்தா புல்லு மேயுதுடா!” என்று ஒருவர் கத்தினார். “எருமைக்கு மீன் வாலு வச்ச மாதிரில்ல இருக்கு” என்றார் இன்னொருவர். சிரித்தார்கள், சீட்டியடித்தார்கள். பிறகு படகு வந்தது. நீர் கலங்கியது. நுங்கு தனித்துப் போனது.

ஒரு கூப்பாடு. முந்நூறு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது கூப்பாடு. பட்டிக்குள் ஓர் ஆடு எழுந்து நின்றது.

மூன்றாவது கூப்பாடு. அந்த ஆடு வலையை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

உட்கார்ந்திருந்தவர்களின் நடுவே, கால்களைத் தாண்டி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, நேராகத் திரைக்கு வந்தது. “ஏய், டிக்கெட்டு வாங்குனியா?” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. சிலர் சிரித்தார்கள். தங்கப்பொண்ணு எழுந்தார். “சிரிக்காதீக. அது புள்ளிக்காரி” என்றார். அவ்வளவுதான். சிரிப்பு நின்றது, பேச்சு நின்றது, படத்தை நிறுத்த வேண்டிய விக்ரமின் கை பொத்தானுக்கு மேலேயே நின்றது. ஆடு ஒலிபெருக்கியை முகர்ந்தது. திரையைச் சுற்றி அந்தப் பக்கம் போனது. துணியில் நீலம் அலைந்துகொண்டிருக்க, அடியில் அதன் கால்கள் மட்டும் எங்களுக்குத் தெரிந்தன. பிறகு அது தொண்டைக்குள்ளிருந்து, தாழ்ந்த குரலில், ஒருமுறை கத்தியது. குட்டியைப் பாலுக்கு அழைக்கும் குரல் அது. மந்தையில் கேட்பதில்லை, மடியருகே கேட்பது.

தங்கப்பொண்ணு போய் அதன் கழுத்தில் கை போட்டார். “வா, போவோம்” என்றார். போய்விட்டது.

இதைத்தான் நம் தலைவர் சற்றுமுன் சொன்னார்: திரையைப் பார்த்து ஆடு கண்ணீர் வடித்தது என்று. வாசலில் சுவரொட்டியும் அதையே சொல்கிறது: ‘ஆடே அழுத படம்!’ யார் அச்சடித்தது என்று நான் கேட்கப் போவதில்லை. விக்ரம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள். என்ன தம்பி? “ஆடு அழுதுச்சா, அழுவலையா?” அழவில்லை, தம்பி. நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். கண்ணீர் இல்லை. பெரியவர் ஹாலாஸ்யம் என்னை மன்னிக்க வேண்டும். அவர் வயதுக்கு முன்னால் தலை குனிவேன். கண்ணால் கண்டதற்கு எதிராக என்னால் தலையாட்ட முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது தன் குட்டியின் குரலை அறிந்துதான் வந்தது என்று நான் சான்று தர மாட்டேன். எந்தக் குட்டியின் குரலுக்கும் அது எழுந்திருக்கலாம். வெளிச்சம் ஈர்த்திருக்கலாம். வலையில் ஏற்கெனவே ஓட்டை இருந்திருக்கலாம். ஒரே ஓர் ஆடு, ஒரே ஒரு முறை. இதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்றுதான் என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அப்படியானால் வியக்க ஒன்றும் இல்லையா?

அம்மையீர், ஐயன்மீர்! குழந்தை அழுகிறதே என்று வெளியே எடுத்துப் போக வேண்டாம் தாயே, இருக்கட்டும். இந்தப் பேச்சுக்கு அது பொருத்தமான ஓசைதான். வியக்க ஒன்றும் இல்லையா? ஆடு அழுதால்தான் வியப்பா? பாலூட்டும் உயிர் ஒன்று, ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் இறங்கியது. பாலூட்டும் உயிர் இன்னொன்று கரையிலேயே தங்கியது. ஒன்றுக்குக் கால் போய்த் துடுப்பு வந்தது. ஒன்றுக்குக் குளம்பு வந்தது. ஒன்று உப்புநீரில் புல் மேய்ந்தது; ஒன்று கரிசலில் புல் மேய்ந்தது. ஒன்றை ஒன்று கண்டதில்லை. காணப் போவதும் இல்லை. ஆனால் இரண்டும் குட்டியைத் தொலைத்தால் திரும்புகின்றன. இரண்டின் குட்டிகளும் தாயைத் தொலைத்தால் கூப்பிடுகின்றன. கடல் பார்க்காத ஒரு பெண், கொடாப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கூப்பாட்டைக் கேட்டு, இதுதான் அது என்று எடுத்துக்கொண்டு போனாள். குரல் தவறு. நூற்றுக்கு நூறு தவறு. ஆனால் கூப்பாடு? கூப்பாடு தவறா? புத்தகம் படித்து நான் வகுப்பில் சொன்னதை, படிக்காமல் அவள் காதால் கண்டாள். ஏழு மணிக்கு அந்தக் காட்டில் நின்றபோது, எனக்குத் தெரிந்தவை எல்லாம் என்னோடுதான் இருந்தன; ஆனால் அவை எனக்கு முன்னால் நிற்கவில்லை, கைகட்டிப் பின்னால் நின்றன!

கைதட்டலுக்கு நன்றி. தட்டவேண்டியது எனக்கு அல்ல. மின்விசிறிக்குக் கீழே பாருங்கள்.

என்னைப் பேச அழைத்த சங்கத்துக்கு நன்றி. நான் மறுத்துப் பேசியபோதும் நாற்காலியை விட்டு எழாத தலைவருக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்ட பிள்ளைகளுக்கும் நன்றி. எல்லோருக்கும் என் மாலை வணக்கம்.

இத்துடன் இறங்கிவிடலாம். ஆனால் அந்தச் சாயங்காலத்தை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு மறுநாளை ஒருவரும் சொல்வதில்லை. நீங்கள் படத்தில் கேட்கும் அந்தக் குரல் மறுநாள் அழிக்கப்பட்டிருந்தது. நடந்ததை நடந்தபடி சொல்லி முடிக்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் பட்டிக்குப் போனேன். ஒலிபெருக்கியைச் சீமைக்கருவேல மறைவில் வைத்து, புள்ளிக்காரி மேய்ந்துகொண்டிருந்தபோது அந்தக் குரலைப் பத்து முறை ஒலிக்கவிட்டேன். பத்து முறையும் அது தலையைத் தூக்கவில்லை. தாளில் ‘பத்துக்குப் பூச்சியம்’ என்று எழுதினேன்.

தங்கப்பொண்ணு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன டீச்சர், வரலையா?” என்றார்.

“வரவில்லை. நேற்று வந்தது வேறு எதற்காகவோ இருக்கலாம்.”

“நேத்துதான் போயிப் பாத்துருச்சுல்ல, அங்குட்டுக் குட்டி இல்லன்னு. பெறகு எதுக்கு வரும்?”

அதையும் தாளில் எழுதிக்கொண்டேன். அதைச் சோதிக்க வழி தெரியவில்லை.

திருமங்கலத்தில் ஆட்டுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று அவர் என் காரில் ஏறினார். படம் செய்த இடத்தையும் பார்க்க வேண்டும் என்றதால் கப்பலூர் வரை வந்தார். முந்தின இரவே ஊரிலிருந்து திரும்பிவிட்ட பாண்டிமீனா மட்டும் கொட்டகையில் இருந்தார். கண் வீங்கியிருந்தது.

“மாத்திட்டேன் மேடம். நீங்க அனுப்புன சத்தத்தையே வச்சுட்டேன்” என்றார். போட்டும் காட்டினார். நுங்கு பறவைபோலக் கீச்சிட்டது. நூற்றுக்கு நூறு சரி. ஐந்து மாதமாக நான் கேட்டது அதுதான்.

தங்கப்பொண்ணு கேட்டார், “அதை எதுக்குடி அழிச்ச?”

“மனசு கேக்கல அத்தே. கன்னு செத்துப்போனா தோலுக்குள்ள வைக்கல அடைச்சுக் காட்டிப் பால் கறப்பாகள்ல, அதுமாதிரி ஆயிருச்சு. புள்ளிக்காரிய ஏமாத்திட்டேன்.”

“வைக்கல் கன்னு கூப்புடாதுடி. அது நீ செஞ்ச குரலா? அது குட்டியோட குரலு. கூப்புட்டுச்சு, இது வந்துச்சு, சுத்திப் பாத்துச்சு, திரும்பிருச்சு. அது பாடு முடிஞ்சது. குட்டிய அன்னைக்கே பொதைச்சாச்சு. குரலையும் பொதைக்கணுமா?”

பாண்டிமீனா கணினியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார்.

பழையதையே போடுங்கள் என்றேன்.

மூலப் பதிவு அவருடைய கைப்பேசியில் இருந்தது. மதியம் இரண்டு மணிக்குள் குரல் மறுபடி படத்தில் ஏறியது. கடிதத்தில் இப்படி எழுதினேன்: “குட்டியின் குரல் செம்மறியாட்டுக் குட்டியினுடையது, ஆவுளியாவினுடையது அல்ல. படத்தின் இறுதியில் இதைக் குறிப்பிட வேண்டும். குரலை மாற்ற வேண்டாம்.” கீழே கையெழுத்துப் போட்டேன். காலையில் எழுதிய தாளையும் எடுத்து, பூச்சியத்தைத் திருத்தாமல், அதன் அடியிலும் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினேன்.